பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்

களத்தில் பெரிய ஆளாக இருந்திராதவன் கோச் ஆகக் கூடாது என்பது பிராங்கின் கட்சி. டிவியில் வெளிநாட்டுக் கால்பந்து ஆட்டம் ஓடும்போது கோச்சின் முகத்தைக் காட்டினால் போதும், அந்த ஆள் தன் காலத்தில் எத்தனை கோல் அடித்தார் என்று போனில் தேடுவார். எண்ணிக்கை குறைவாக இருந்தால், அணி ஜெயித்தாலும் ஒப்ப மாட்டார். "கொஞ்ச நாளைக்கு ஓடும்" என்பார்.

அவரே மாநில அணிக்கு நான்கு வருடம் ஆடியவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலையில் இன்னும் இருக்கிறார். அதனால், பங்குக் கோயில் கிளப்பின் பெண்கள் அணிக்குக் கோச் தேவை என்றபோது தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று இருந்தார். கிஷனும் கேட்டிருப்பது தெரிந்ததும் சிரித்துவிட்டார். கணபதி பகுதியில் பம்ப்செட் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் கிஷன், உள்ளூரில் பிராங்க் ஆடிய அணியில் ஆறு வருடம் மாற்று ஆட்டக்காரனாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். களத்தில் இருந்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு முழு ஆட்டம் தேறாது.

"ஆளுக்கு அரை மணி நேரம் சொல்லிக் குடுங்க. புள்ளைங்க பாக்கட்டும்" என்றார் கிளப் செயலாளர் ஞானாபரணம்.

"எனக்குப் பரீட்சைங்களா?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க."

ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து, மைதானத்தில் பிராங்க் முதலில் இறங்கினார். ஐம்பத்திரண்டு வயதில் மூன்று பெண்களைத் தாண்டிப் போய்ப் பந்தை மேல் மூலையில் அடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த மூவரில் ஒருத்தியான ஜெனிஷா மட்டும், "ரெண்டாவது ஆளை எப்படிங்க சார் தாண்டுனீங்க?" என்று கேட்டாள்.

மறுபடியும் செய்து காட்டினார். "இப்படித்தான்."

"இப்படின்னா எப்படிங்க சார்?"

"ஆட ஆட வரும் கண்ணு."

அடுத்து கிஷன். அவன் பந்தைத் தொடவே இல்லை. "அம்மணி, அண்ணன் ஆளைத் தாண்டறதுக்கு முன்னால ஒரு எட்டைக் குறுக்கி வெப்பாரு. நிக்கப் போறாருன்னு எதிராளி நின்னுக்குவான். அப்பத்தான் பந்தைக் காலோட வெளிப்பக்கத்தால தள்ளிட்டுப் போவாரு. செஞ்சு பாரு."

மூன்றாவது முயற்சியில் ஜெனிஷா தாண்டிவிட்டாள்.

தன் கால் அப்படிச் செய்வது பிராங்குக்கு இதுவரை தெரியாது. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கி, எட்டைக் குறுக்கிப் பார்த்தார். பந்து காலில் சிக்கித் தடுக்கியது.

அன்று மதியமே கிஷன்தான் கோச் என்று முடிவானது.

"ஆறு வருசமா என்னையவே பாத்துட்டு இருந்தியாடா?"

"வேற என்னங்கண்ணா பண்றது? என்னையத்தான் எறக்கியே உடலீங்களே" என்று சிரித்தான் கிஷன். "நீங்க வந்து ஆடிக் காட்டுங்கண்ணா. நான் சொல்லித் தாரேன்."

"எனக்கு வேலை இருக்குது."

தான் ஆடிய நாட்களை யாரும் பறித்துக்கொள்ள முடியாது என்று நம்பியிருந்தவர் அவர். இப்போது அவை இன்னொருவன் கண்ணில் தன்னிடம் இருப்பதைவிடத் தெளிவாக இருந்தன. அந்த பெஞ்ச் மீதே அவருக்குப் பொறாமை வந்தது.

புதன்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் மைதானத்துச் சுவரோரம் வண்டியை நிறுத்தினார். ஜெனிஷா எட்டைக் குறுக்கிக் குறுக்கிப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு தடவையாவது அவள் தடுமாற வேண்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றார். அவள் தடுமாறவில்லை.