இரண்டு வீட்டுச் சாப்பாட்டுக்கு ஓர் ஊசி

டெய்லரம்மா ஆறு வருடமாகச் சர்க்கரை போடாத டீதான் குடித்துவந்தாள். சர்க்கரை நோய் அவளுக்கில்லை, அவள் கணவருக்கு.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில் கிரீஸும் புழுதியுமாகக் கிடப்பார். அவள் கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த இடுக்கில் தையல் மெஷின் போட்டிருந்தாள். புதுத்துணி தைப்பதைவிடப் பழசைப் பிரித்துப் பிடித்துக் கொடுப்பதும் தளர்த்திக் கொடுப்பதும்தான் அதிகம். யார் இளைத்தார்கள், யார் பருத்தார்கள் என்று அந்தந்த வீட்டுக்காரர்களுக்கு முன்பே டெய்லரம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று கேலி செய்வார்கள்.

நோய் தெரிந்த நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அவர் சின்னப்பிள்ளை மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார்.

"நீ ஒண்ணு சாப்பிடுவ, எனக்கு ஒண்ணு வைப்ப. அதைப் பார்த்துக்கிட்டு நான் உட்கார்ந்திருக்கணும்."

"யார் சொன்னா? உங்களுக்கு என்னவோ அதேதான் எனக்கும்," என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. வீட்டில் இருந்ததே இரண்டு பேர். சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். சோறு ஒரு கிண்ண அளவு, தட்டில் பாதிக்குக் காய்கறி, அவித்த பருப்பு, எண்ணெய் காட்டாத மீன். பக்கத்துக் கடைக்காரர் கேக் வெட்டிக் கொடுத்தாலும் வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவள் இப்படி இருந்தது அவர் உடம்பு தேறத்தான்.

அவர் வேலை முடிந்து வரும் வழியில்தான் அவள் அக்கா வீடு. அம்மா செத்த பிறகு தங்கைக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பியது அந்த அக்காதான். அக்காவின் கணவர் இறந்துவிட்டார், மகன் தூரத்தில் வேலையில் இருந்தான். அக்கா தனியாக இருந்தாலும் அடுப்பு மட்டும் நாலு பேருக்கு எரியும். அப்படி ஒரு கைமணம்.

"பாவம், தனியா இருக்காங்க. ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்தேன்," என்பார் அவர். இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவளுக்குப் பெருமையாக இருக்கும்.

ஆனால் சர்க்கரை இறங்கவில்லை. மாத்திரை ஒன்று இரண்டாகி, பிறகு இன்சுலின் ஊசியில் வந்து நின்றது. மூன்று மாத சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஒவ்வொரு முறையும் ஏறியே வந்தது. டாக்டர் கண்ணாடியை இறக்கி அவளைத்தான் பார்ப்பார்.

"வீட்ல என்னம்மா சமைக்கிறீங்க?"

குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல அவள் ஒப்பிப்பாள். கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் வீட்டுக்கு வந்து சோற்றில் இன்னும் ஒரு கை குறைப்பாள். இரண்டு தட்டிலும்.

ஊசி என்றால் அவருக்குப் பயம். அதனால் அவளே காலையும் மாலையும் அவர் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துப் போட்டுவிடுவாள். டாக்டர் அளவைக் கூட்டும்போதெல்லாம் அவளும் கூட்டினாள். அவருடைய பேண்ட் இடுப்பை அவள் இரண்டு முறை பிரித்து விட வேண்டியிருந்தது. "மருந்து உடம்பை ஊத வைக்குது," என்றார். டாக்டரும் அப்படி ஆகும் என்று சொல்லியிருந்ததால் நம்பினாள்.

ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா மகள், பத்துப் பேர் கேட்கும்படி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, கட்டின புருஷனுக்கு வயிறார ஒரு வாய் போட மாட்டியாமே? மெஷின் மிதிக்கிற நேரத்துல கொஞ்சம் அடுப்பையும் பாரு." எல்லோரும் சிரித்தார்கள். அவள் அங்கே சாப்பிடாமலேயே கிளம்பி நேராக அக்கா வீட்டுக்குப் போய் அழுதாள். அக்கா அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? விடுடி," என்றாள்.

மகனுக்குக் குழந்தை பிறந்ததென்று அக்கா அவன் ஊருக்குக் கிளம்பினாள். போன சில நாட்களிலேயே கணவருக்குக் காலையில் கை நடுங்க ஆரம்பித்தது. காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். கேட்டால் வெயில் என்றார். அவள் வழக்கம்போல ஊசி போட்டு, வழக்கம்போலச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள்.

ஒருநாள் மதியம், அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்த கட்டடத்தின் வாட்ச்மேன் போன் செய்தார்.

"அம்மா, மெக்கானிக் சார் மேல மோட்டார் ரூம்ல விழுந்து கிடக்கார். சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு. பேச்சு குழறுது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்."

கையில் அளவு நாடா தொங்க ஓடினாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் குளுக்கோஸ் ஏற்றியதில் அவர் கண் திறந்திருந்தார். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்ததாம். கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை.

டாக்டர் அவளிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள் அந்த வாரச் சாப்பாட்டைச் சொன்னாள். டாக்டரின் நெற்றி சுருங்கியது.

"இவ்வளவுதான் சாப்பிடறார்னா இந்த அளவு இன்சுலின் ரொம்ப அதிகம்மா."

"எப்பவும் இதேதான் டாக்டர். ஆறு வருஷமா இதேதான்."

டாக்டர் கட்டில் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இதுக்கு முன்னாடி வேற எங்க சாப்பிட்டீங்க?"

மெக்கானிக் போர்வை நுனியைத் திருகினார். "அக்கா வீட்ல."

"எப்ப இருந்து?"

"முதல்ல இருந்தே."

"தினமுமா?"

"வேலை முடிஞ்சு வர்றப்ப. வறுத்த உருளைக்கிழங்கு, கேக்கு... ரெண்டு தடவை போட்டு சோறு. அவங்களா வற்புறுத்துவாங்க."

டெய்லரம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு வீட்டுச் சாப்பாட்டுக்குக் கணக்குப் பண்ணிய மருந்தை, ஒரு வீட்டுச் சாப்பாட்டுக்குத் தன் கையால் ஏற்றியிருக்கிறாள். கிள்ளிப் பிடித்து, வலிக்காமல், பார்த்துப் பார்த்து. அவர் செத்திருந்தால் கொன்றவள் அவள்தான். அதுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் உணவு ஆலோசகர் வந்தார். இளம்பெண், பொறுமையாகப் பேசினார். "எதையும் அடியோட விடணும்னு இல்லை சார். எப்பவாவது ஒரு சின்னத் துண்டு கேக் வேணுமா, அன்னிக்குச் சோத்தைக் குறைச்சுக்கலாம். ஆனா எங்களுக்குத் தெரியணும். நீங்க ஒளிச்சு சாப்பிட்டா மருந்துக்கு எப்படித் தெரியும்?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு வெற்றி. "கேட்டியா? கேக் சாப்பிடலாமாம்."

"நீங்க என்கிட்ட கேட்டீங்களா?" என்றாள் அவள்.

"உன்கிட்ட கேட்கவே பயமா இருக்கும். நீ கண்கொத்திப் பாம்பு மாதிரி இருந்த."

"என்கிட்ட கேட்கப் பயம். எங்க அக்காகிட்ட போய், இவ பட்டினி போடறான்னு சொல்றதுக்குப் பயம் இல்லை."

அவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். கல்யாண வீட்டுப் பேச்சு எங்கிருந்து புறப்பட்டது என்பது அதிலேயே அவளுக்கு உறுதியாகிவிட்டது.

அக்கா ஊரிலிருந்து வந்ததும் டெய்லரம்மா போய்ப் பார்த்தாள். அக்கா பேரக்குழந்தையின் போட்டோவை எடுத்து நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

"ஏன்க்கா இப்படிச் செஞ்ச?"

"தம்பி பசியோட வந்து நிப்பாருடி. எப்படி இல்லைன்னு சொல்றது? ஒரு ஆம்பளை அவிச்ச காயைத் தின்னு எத்தனை நாள் இருப்பாரு?"

"நான் இருந்தேனே!"

"உன்னை யார் இருக்கச் சொன்னா?"

"டாக்டர் திட்டினப்பல்லாம் உன்கிட்டதானே வந்து அழுதேன். ஊர் சிரிச்சப்பவும் உன் மடியிலதானே படுத்தேன். அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ சண்டை போடுவ. அவர் இங்க வர்றதும் நின்னுடும். எனக்கு யாருடி இருக்கா, நான் வச்சதை ருசிச்சுச் சாப்பிட?" அக்கா போட்டோவைக் கீழே வைத்தாள். "சாப்பாடுதானே போட்டேன், விஷமா வச்சேன்?"

"நீ வச்ச சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் நான் ஊசி போட்டேன்க்கா," என்று சொல்லிவிட்டு டெய்லரம்மா எழுந்து வந்துவிட்டாள்.

இப்போது அவர் தானே ஊசி போட்டுக்கொள்கிறார். முதல் நாள் நடுங்கினார், அவள் அடுப்படியை விட்டு வரவில்லை. அதற்காக அவர் மயங்கி விழுந்துவிடவும் இல்லை. ஆலோசகர் சொன்னபடி சாப்பிட்டு, மாலையில் நடந்து, பரிசோதனை எண் மெல்ல இறங்கியிருக்கிறது. ஊசி அளவையும் குறைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போகிறார். வந்து எண்ணைச் சொல்வார். "சரி" என்பாள்.

அக்காவோடு பேச்சு அறவே நின்றுபோகவில்லை. காய்ச்சல் என்றால் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுவாள். உள்ளே உட்காருவதில்லை.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அந்த வாரத்திலேயே ஒருநாள் அவள் தையல் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு பேக்கரிக்குப் போனாள். கிரீம் வழியும் கேக் ஒன்று வாங்கி, கண்ணாடி ஓரமாக உட்கார்ந்தாள். எனக்கு எந்த நோயும் இல்லை, நான் சாப்பிடுவேன் என்று வீம்போடு வாயில் வைத்தாள். இரண்டாவது வாயிலேயே திகட்டியது. அத்தனை வருடத்தில் நாக்கு மாறிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் வராத அழுகை அங்கே வந்தது. கடைக்காரப் பெண் தண்ணீர் கொண்டு வந்து வைத்து, "கேக் நல்லா இல்லையாக்கா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தாம்மா இருக்கு," என்றாள் டெய்லரம்மா.