பின்மூடி

பெங்களூர் ரிப்பேர்க் கடைக்காரர் அப்பாவின் பழைய கேமராவில் பிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளினார். அது பாதியில் 'டக்'கென்று நின்றது. அதற்குமேல் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எண்பதுகளில், அப்பாவின் ஒவ்வொரு வார லீவிலும் நான் கேட்ட சத்தம் அது.

அப்போது ஓசூரில் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தோம். காலையில் தின்ற சோறு இறங்குவதற்குள் அப்பா கேமராவைத் துண்டில் சுற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஒரு வாரம் கிருஷ்ணகிரி, மறுவாரம் பெங்களூர். பஸ்ஸிலும் அவர் கால் ஆடிக்கொண்டே இருக்கும். சிக்கிய லீவரைச் சரிசெய்யப் பின்மூடியைத் திறக்க வேண்டும் என்றார்கள் எல்லா ரிப்பேர்க் கடையிலும்.

"உள்ள பிலிம் ரோல் இருக்குதுங்க. வெளிச்சம் பட்டா எல்லாம் போயிடும்," என்று அப்பா கேமராவைப் பிடுங்கிக்கொள்வார்.

அந்த ரோலில் அம்மா இருந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நீல யூனிஃபார்மில், கடிகாரக் கம்பெனி கேட் முன்னால். தம்பி பிறந்ததும் அம்மா வேலையை விட்டாள். யூனிஃபார்ம் அடுப்படியில் கரித்துணியானது.

"மனுசி நானு இங்கயே இருக்கறன். படத்துக்குன்னு ஊர் ஊரா சுத்தறாரு பாரு," என்பாள்.

அப்பா இருந்தவரை அந்த மூடியை யாரும் தொடவில்லை.

"வெளிச்சம் போகாத கறுப்புப் பைக்குள்ள வெச்சுத் திறக்கறேன். ஆனா இத்தனை வருசம் கழிச்சுப் படம் தேறும்னு சொல்ல முடியாது," என்றார் கடைக்காரர்.

வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துவிட்டு, அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"தொறக்கச் சொல்லு," என்றாள். "அன்னைக்குப் படம் எடுக்கறப்ப நான் கண்ண மூடிட்டேன். இன்னொண்ணு எடுங்கன்னு சொன்னேன். ரோல் வீணாயிடும்னு உங்கப்பா எடுக்கல."