மாமனார் வீட்டுக் கட்டம்

ஸ்காட்லாந்தின் போர்ட்ரீயில் ஜன்னல் துடைக்கிற ஸ்ட்ரூவனைக் கால்சட்டையில் பார்ப்பது அபூர்வம். மற்ற ஆண்கள் கல்யாணத்துக்கு எடுத்துக் கட்டுகிற கில்ட்டை, முழங்கால்வரை வரும் கட்டம்போட்ட பாவாடையை, அவன் பால் வாங்கப் போகவும் கட்டினான். மேலே பழைய கம்பளிச் சட்டை, காலில் சேறு படிந்த பூட்ஸ். அவன் ஏணியில் ஏறினால் ரொட்டிக்கடை மோராக் கத்துவாள்: “யாரும் மேல பாக்காதீங்கடி, காத்து அடிக்குது!”

“பாத்தவங்க கண்ணுக்கு நான் பொறுப்பில்ல!” என்பான் அவன்.

பச்சையும் நீலமும் கட்டம் கட்டமாக, நடுவே மெல்லிய மஞ்சள் கோடு. அங்கே குடும்பத்துக்கு ஒரு கட்டம் உண்டு; அது அவன் குடும்பத்துக் கட்டமில்லை. அநாதை விடுதியில் வளர்ந்தவனுக்குக் குடும்பமே ஏது? இஷ்பெல்லை மணந்தபோது அவள் அப்பா லாக்லன் தங்கள் கட்டத்தில் நெய்யச் சொல்லி, பின்புறம் கொசுவம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். “இனிமே இது உன்னோடதும்தான்” என்றார்.

மாமியார் படுத்த படுக்கையானதும் இஷ்பெல் தாய்வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஸ்ட்ரூவனும் கொஞ்ச நாள் போய்வந்தான். அந்த அறையின் மருந்து வாடையும் முனகலும் அவனால் தாங்க முடியவில்லை. வேலை இருக்கிறதென்று ஒருநாள் கிளம்பியவன் திரும்பவேயில்லை. மாமியார் இறந்தபோது அடக்கத்துக்கும் போகவில்லை. கல்யாணம் அதோடு முறிந்தது.

கில்ட்டை மட்டும் விட முடியவில்லை. ஆனால் தூரத்தில் லாக்லனின் காரைக் கண்டாலே தன் வேனுக்குள் புகுந்து, அதற்கென்றே வைத்திருந்த கால்சட்டைக்கு மாறிக்கொண்டுதான் இறங்குவான்.

ஒருநாள் காலை, மீன்கடை வாசலில், கால்சட்டைக்குள் ஒரு காலை நுழைத்தபடி இருக்கும்போது வேன் கதவருகே லாக்லன் நின்றார்.

“என்னடா, ரெண்டையும் சேத்தா போடப்போற?”

“மாமா...” பழக்கத்தில் வாய் அப்படியே சொல்லிவிட்டது. “இதக் கட்டிக்க எனக்கு யோக்கியத இல்ல. கழட்டிக் குடுத்துடறேன்.”

“நடுத்தெருவுலயா? வேணாம்பா, நான் மீன் வாங்க வந்தவன்.” சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். “துணி உனக்குக் குடுத்தது. அதுக்கு நான் வருத்தப்படல. கடைசி வாரம் உன் அத்த உன்னத்தான் கேட்டா. ‘ஸ்ட்ரூவன் எங்க, வரலியா’ன்னு. ‘இப்பதான் வந்துட்டுப் போனான், நீ தூங்கிட்டிருந்த’ன்னு சொன்னேன். தெனமும் சொன்னேன். சாகப்போறவகிட்டப் பொய் சொல்ல வச்சிட்டியேடா.”

அவர் மீன்கடைக்குள் போய்விட்டார். ஸ்ட்ரூவன் அன்று வேலைக்குப் போகவில்லை.

மாலையில் இன்வர்னஸில் இருந்த இஷ்பெல்லுக்குப் போன் செய்தான். பயந்து ஓடிப்போனதை, அடக்கத்தன்று கடற்கரையில் உட்கார்ந்திருந்ததை, எல்லாவற்றையும் சொன்னான்.

“சொல்லி முடிச்சிட்டியா?”

“ம்.”

“அம்மா அடக்கத்தன்னிக்கு வாசல்ல உனக்காகத்தான் நின்னுட்டிருந்தேன், ஸ்ட்ரூவன்” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தான். குறையவில்லை. மறுநாளும் கில்ட்டைக் கட்டிக்கொண்டு ஏணியைத் தூக்கினான். கீழே மோராக் கேலியாகக் கத்தினாள்; அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.