யார் தயவும் வேண்டாத கார்

இன்று காலை தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு ரயில்.

எதிர் சீட்டுக்காரர் தன் டிக்கெட்டில் அச்சடித்திருந்ததைச் சத்தமாகப் படித்தார். பயணச் செலவில் ஒரு பகுதியைத்தான் கட்டணமாக வாங்குகிறார்களாம்.

"சொல்லிக் காட்டறாங்க பாருங்க. அதான் நான் எப்பவும் கார்லயே போயிடுவேன். யார் தயவும் வேண்டாம். இன்னைக்கு வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு."

என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா அவரைக் கேட்டார். "புது நாலுவழி ரோட்டுலதானே போவீங்க? திருவிடைமருதூர்ப் பக்கம் எங்க வயல் மேலதான் சார் போறீங்க."

"நிலத்துக்குப் பணம் குடுத்திருப்பாங்களே?"

"குடுத்தாங்க. இப்ப அரிசி கடையில வாங்கறோம்."

"நான் டோல் கட்டறேன்மா."

"அந்த ரசீதுல எங்க வயலைப் பத்தி ஏதாவது போட்டிருக்கா சார்?"

மாயவரம் வரை சார் தூங்கினார். கண்ணையாவது மூடியிருந்தார்.

டோல் ரசீதில் என்ன அச்சடிக்கலாம்? நீங்களே சொல்லுங்கள்.