மிஞ்சிய புள்ளிகள்

கிடைத்த வேலையைச் செய்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்த காலத்தில், பாளையங்கோட்டையில் பெண்களுக்கு எழுத்தும் தையலும் கற்றுக்கொடுத்த ஒரு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த, நெட்டையான உருவம். நாற்று நட்ட சேறு நகக்கண்ணில் அப்படியே இருக்கும். தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதினால்தான் தையல் மிஷினில் உட்காரலாம் என்பது அங்கே சட்டம். அவளுக்கோ மிஷின்மேலேயே கண். ஏற்கெனவே தோற்றும் இருந்தாள்.

அன்று சிலேட்டை வாங்கியவள், எழுத்து எதுவும் போடாமல் வரிசையாகப் புள்ளி வைத்தாள். பக்கத்தில் இருந்தவள் சிரித்துவிட்டாள்.

"ஏளா, கோலம் போட இது என்ன உன் வீட்டு வாசலா?"

"புள்ளி வைக்காம கோடு எப்படிப் போகும்ளா? சும்மா இரு."

பிறகு பைய எழுத ஆரம்பித்தாள். மெய்யெழுத்து ஒவ்வொன்றும் தன் புள்ளிக்கு அடியில் சரியாக வந்து நின்றது. பெயர் முடிந்த பிறகும் வலப்பக்கம் சில புள்ளிகள் மிஞ்சிக் கிடந்தன.

"பேரு சரி. இந்தப் புள்ளியெல்லாம் யாருக்கு?" என்று டீச்சரம்மா கேட்டார்.

"எங்க ஊருக்கு, டீச்சரம்மா. ஊர்ப் பேரும் எழுதப் படிச்சிருவேம்லா, அதுக்கு இடம் போட்டு வச்சிருக்கேன்."

டீச்சரம்மா சிரித்துக்கொண்டே மிஷினை மூடியிருந்த துணியை விலக்கினார்.

பாதியில் விட்ட படிப்பில் எனக்கு மிஞ்சியது கையெழுத்துதான். அதைப் போடும்போதெல்லாம் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுகிறேன். எந்த ஊருக்கு என்று இன்னும் தெரியவில்லை.