மீசைக்காரருக்குக் கிழக்கு

காலை ஒன்பதேகாலுக்கு ஐந்நூறு ஆட்டக்காரர்களின் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் சிராஜுதீன் பேனா மூடியைத் திறப்பார். ஐந்நூறு என்பது சற்று மிகை. மூன்று மலைகளை அண்ணாந்து பார்த்தே வாழ்கிற ஊரில் எந்த எண்ணிக்கையும் கொஞ்சம் உயர்ந்துதான் போகும். நூற்றுப் பதினேழு. மனைவியின் பழைய நூல் புடவையிலிருந்து கிழித்த துண்டால் நெற்றி, மூக்கு, மட்டை, காலில் கட்டிய பேடு என்று ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பார். வேகப்பந்து வீசுகிறவர்களுக்கு மட்டும் இரண்டு தடவை.

"அம்மாந்தூரம் ஓடி வராங்க. வேர்க்காதா?" என்பார்.

செஞ்சி சார்பதிவாளர் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. முன்னறைதான் அவருடைய ஆபீஸ். ஒரு மேசை, பத்திரம் எழுதவரும் கட்சிக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்சு, உள்வீட்டை மறைக்கும் பூப்போட்ட திரை. பத்தொன்பது வருஷமாகப் பத்திரம் எழுதி எழுதி, பேச்சிலும் பத்திரம் ஏறிவிட்டது. "மேற்படி காபி ஆறிப்போச்சு" என்பார். பஸ் வராவிட்டால் "மேற்படி பஸ்ஸை இன்னும் காணலியே" என்பார். எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லியபடி எழுதுவது அவர் வழக்கம். திரைக்குப் பின்னால் கீரை ஆய்கிற மனைவி மெஹராஜ் பேகத்துக்கு இந்தத் தாலுகாவில் யார் நிலம் யார் கைக்குப் போனது என்பது அத்துப்படி.

அந்த ஆட்டக்காரர்கள் எல்லாம் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகள். உலகக் கோப்பையை நம்மவர்கள் வாங்கிவந்த எண்பத்து மூன்றில் தொடங்கிய பழக்கம், அதே கோப்பை ஆட்டம் நம் நாட்டுக்கே வந்துபோன எண்பத்தேழு வரை ஒரு வாரம் தவறவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் வாங்கி, உறையை வீட்டுக்கு வந்துதான் பிரிப்பார். அட்டை அவருக்கு, கம் மெஹராஜுக்கு, ஏற்கெனவே இருக்கிற முகம் வந்தால் தெருப் பையன்களுக்கு. சிராஜுதீனுக்குக் கடைவாய்ப் பல் இல்லை. "உங்க ஆம்பளைங்களுக்காக என் தாடை தேயுது" என்று அந்தம்மாள் அலுத்துக்கொள்வார். அவர் மென்று துப்பியதையெல்லாம் உருட்டினால் ராஜகிரி மலை உச்சியில் இன்னொரு பாறை வைக்கலாம். வேண்டாம், ஒரு எலுமிச்சம்பழம் என்றே வைத்துக்கொள்வோம்.

சுவரில் குண்டூசி குத்த மாட்டார். எழுதிக் கழித்த பத்திரக் கரட்டுத் தாள்களின் ஓரத்தை முக்கோணமாக மடித்து, மைதாப் பசையில் ஒட்டி, அட்டைக்கு நான்கு மூலை என்று செருகுவார். போதாததற்கு, நீள நோட்டு ஒன்றில் ஒவ்வொரு அட்டைக்கும் நான்கு எல்லை எழுதிவைத்திருந்தார். சுவரின் மேல்பக்கம் வடக்கு. மற்றத் திசைகள் அதையொட்டி. பெயரெல்லாம் இங்கிலீஷில் இருந்ததால் பெஞ்சில் உட்கார்ந்த கட்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்து வைத்த பெயர்களே நிலைத்தன. "மீசைக்காரர்: தொப்பிக்காரருக்குக் கிழக்கு, கையுறைக்காரருக்கு மேற்கு, சிரிக்கிறவருக்குத் தெற்கு, குனிஞ்சு நிக்கிறவருக்கு வடக்கு. இதற்குள் அடங்கிய அட்டை ஒன்று."

இத்தனை ஆசையுள்ளவர் இளவயதில் பெரிய ஆட்டக்காரராக இருந்திருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கோட்டை அடிவாரத்துப் பொட்டலில் அவருடைய கூட்டாளிகள் ஆடினார்கள். ஒருவன் அடித்த பந்து மலை உச்சிப் பீரங்கியின் வாய்க்குள் போய் விழுந்தது என்று அவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பாதி மலை வரை போயிருக்கலாம், மீதி தூரத்தைக் குரங்கு கொண்டுபோயிருக்கும். சிராஜுதீன் கையில் மட்டும் மட்டையைத் தரவில்லை. கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் பென்சிலைக் கொடுத்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்கள். எட்டு வருஷம் அவர்களுடைய ஓட்டத்தையெல்லாம் எழுதினார். பிறகு ஒருவன் குவைத்துக்குப் போனான், ஒருவன் லாரி ஓட்டப் போனான். எழுதுவதற்கு ஆட்டமில்லாமல் போனது.

அதனால்தான் சுவரைத் தன் நாற்காலிக்கு நேரெதிரே வைத்துக்கொண்டார். கட்சிக்காரர் தலைக்கு மேலாகப் பார்வையை ஓடவிட்டால் நூற்றுப் பதினேழு பேரும் ஆடத் தயாராக நிற்பார்கள். வினையும் அங்கேதான் இருந்தது.

தொண்டூர் கோவிந்தசாமி அறுபது சென்ட் புஞ்சை வாங்கினார். எல்லைகளை அவர் பெஞ்சிலிருந்து சொல்லச் சொல்ல, சிராஜுதீன் எழுதினார். மேற்குப் பக்கத்து நிலம் வீராசாமியுடையது. 'வீராசாமி நிலத்துக்குக் கிழக்கு' என்று எழுத வேண்டிய இடத்தில், கண் சுவரில் இருந்ததால், வாய் வீராசாமி என்று சொல்ல, கை 'மீசைக்காரருக்குக் கிழக்கு' என்று எழுதிவிட்டது. முத்து முத்தான எழுத்தில்.

சார்பதிவாளர் அதை உரக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "யாருய்யா இந்த மீசைக்காரர்?"

கோவிந்தசாமி கையைக் கட்டிக்கொண்டு, "வீராசாமிங்க சார். மீசை வெச்சிருக்காரு. பாய் சரியாத்தான் எழுதியிருக்காரு" என்றார்.

ஆபீஸ் வாசல் புளியமரத்தடி வரை சிரிப்புப் போயிற்று. தாளை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த சிராஜுதீன் சோற்றில் கை வைக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் பிழை. எல்லையைத் தப்பாக எழுதுகிறவர் என்று பெயர் விழுந்தால் எந்தக் கட்சிக்காரர் அந்த பெஞ்சில் வந்து உட்காருவார்?

மெஹராஜ் சுருக்கமாகச் சொன்னார். "ஒண்ணு செவுரு இருக்கட்டும், இல்ல தொழில் இருக்கட்டும். ரெண்டும் எதுருக்கெதுர இருக்க வாணாம்."

சாப்பிடாமலே எழுந்து அட்டைகளைக் கழற்றினார். நூற்றுப் பதினாறு, பிஸ்கட் டின்னுக்குள் போய், மெஹராஜின் கையில் உள்வீட்டுக்குப் போயிற்று. மீசைக்காரரை மட்டும் குற்றவாளியைப் போலத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். சுவரில் காலி மூலைகள் மட்டும் வரிசை வரிசையாக நின்றன. மறுநாள் ஒன்பதேகாலுக்குப் பழக்கத்தில் துணியை எடுத்தவர், என்ன செய்வது என்று தெரியாமல் மேசையைத் துடைத்தார். அதற்கடுத்த நாளும் மேசையைத்தான் துடைத்தார். அடுத்த எட்டு நாளும் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லவில்லை. உள்ளே கீரை ஆய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஒன்பதாம் நாள் வீராசாமி வந்தார். எழுபது வயது, நாலு முழ வேட்டி, இரண்டு பக்கமும் முறுக்கி நிற்கிற நரைமீசை. தொண்டூரிலிருந்து இதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று சிராஜுதீன் எழுந்து நின்றுவிட்டார்.

"பெரியவரே, மேற்படி பத்திரத்தை அன்னிக்கே திருத்தி எழுதிட்டேன். உங்க பேரு ஒழுங்கா இருக்குது."

"அத்த வுடு பாய். என் எடத்துல ஒருத்தன நிக்க வெச்சியாமே. ஆளக் காட்டு."

சிராஜுதீன் இழுப்பறையைத் திறந்து அட்டையை நீட்டினார். வீராசாமி அதைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இதுக்குப் பேரு மீசையா? என்னுதுல கால்வாசி தேறாது. சரி, இன்னா ஆட்டம் ஆடுவான்?"

"பந்து போடுவாரு. நல்லாப் போடுவாரு."

"அப்ப பரவால்ல." வீராசாமி சுவரைப் பார்த்தார். "இங்கதான இருந்தானுவ எல்லாரும்? எங்க ஊரு ஆளுங்க இங்க வந்தா அத்தத்தான் பாப்பாங்க. என் மருமவன் பத்திரம் எழுத வந்தப்போ நானே பாத்தேன். ஏன் பாய் கழட்டிப்புட்ட?"

"கண்ணு அங்கியே போவுது. கை தப்பு பண்ணுது."

வீராசாமி மேசையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். நிலத்துத் தகராறுகளில் பலமுறை நடுவில் நின்றவர். "கண்ணு போவுதுன்னா நீ இப்படித் திரும்பி உக்காரு. செவுரு உன் முதுவுக்குப் பின்னால இருக்கட்டும். நாங்க பாத்துக்கறோம். ஒரு பக்கம் புடி."

சிராஜுதீன் காலி மூலைகளைப் பார்த்தார். வேப்பமரத்தடியிலாவது ஆட்டம் கண்ணெதிரே நடந்தது. இப்போது அதற்கும் முதுகு காட்டி உட்கார வேண்டும். பிறகு மேசையின் மறுபக்கத்தைப் பிடித்தார். மேசை சுவரோரம் போயிற்று, நாற்காலி அதற்கும் சுவருக்கும் நடுவில் போயிற்று, பெஞ்சு எதிர்ப்பக்கம் வந்தது. வீராசாமி பெஞ்சில் உட்கார்ந்து காலி மூலைகளை ஆட்டம் தொடங்கக் காத்திருப்பவரைப் போலப் பார்த்தார்.

"மொதல்ல என் ஆள வெய்யி."

சிராஜுதீன் மீசைக்காரரை எடுத்துத் துடைத்தார். இரண்டு தடவை. எட்டு நாள் வெறுமையில் எல்லா மூலைகளும் ஒன்றுபோலத் தெரிந்தன. மூன்றாம் வரிசையில் விரலால் தடவிப் பார்த்து, ஓர் இடத்தில் செருகினார். சரிதானா என்று பார்க்க நீள நோட்டை எடுக்கக் குனிந்தார்.

"அது இல்லீங்க." திரைக்குப் பின்னாலிருந்து மெஹராஜ் பேகத்தின் குரல் வந்தது. கீரை ஆய்வது நின்றிருந்தது. "அது தொப்பிக்காரர் எடம். மீசைக்காரர் தொப்பிக்காரருக்குக் கெழக்கு, கையுறைக்காரருக்கு மேற்கு, சிரிக்கிறவருக்குத் தெக்கு, குனிஞ்சு நிக்கிறவருக்கு வடக்கு."

சிராஜுதீன் நோட்டை எடுக்கவில்லை. அட்டையைக் கழற்றி ஓர் இடம் கிழக்கே தள்ளி வைத்தார். திரையின் அடியிலிருந்து பிஸ்கட் டின், தரையில் உராய்ந்தபடி, மெல்ல வெளியே நகர்ந்து வந்தது.