பூங்கோதை அக்கா வீட்டைக் காலி செய்த கதை

பூங்கோதை அக்காவைக் கொஞ்ச நேரம் ஓரிடத்தில் உட்கார வைத்துவிட்டால் நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து போய், இந்த மூலையில் இருக்கும் டப்பாவை அந்த மூலைக்கு மாற்றுவாள். அந்த மூலையில் இருந்த மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாள். கட்டிலுக்கு அடியில் ஏற்கெனவே இருந்தது எங்கே போகும்? என் வீட்டு வாசலுக்கு வரும். "பாரதி, ரெண்டு நாளைக்கு இது இங்க இருக்கட்டும்டி" என்பாள். அவளுடைய இரண்டு நாள் எப்போது முடியும் என்று அந்தக் கடவுளுக்கே தெரியாது.

அவள் என் கணவரின் அண்ணன் கோவிந்தராசுவின் மனைவி. விருத்தாசலத்தில் ஆலடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் மாமனார் கட்டிய வீட்டை, நடுவில் சுவர் எழுப்பி, ஒரு பாதியில் அவர்களும் மறுபாதியில் நாங்களும் குடியிருக்கிறோம். அவள் எதையாவது இழுத்து நகர்த்தும் சத்தம் நாளெல்லாம் எனக்குக் கேட்கும். எரிச்சலாக இருக்கும். சத்தம் கேட்காவிட்டால் அவளுக்கு உடம்புக்கு என்னவோ என்று எட்டிப் பார்ப்பதும் நான்தான்.

எதையும் தூக்கிப் போடமாட்டாள். ஹார்லிக்ஸ் பாட்டில், ஐஸ்கிரீம் டப்பா, கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுத்த மஞ்சள் பை, கிழித்து முடித்த காலண்டரின் அட்டை, டிவி வந்த பெட்டி, அந்தப் பெட்டிக்குள் இருந்த தெர்மாகோல் எல்லாம் பத்திரமாக இருக்கும். பால் கவரை அலசிச் சமையலறைச் சுவரில் ஒட்டிக் காய வைப்பாள். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் செராமிக்கில் வேலை என்பதால் பீங்கான் வேறு. மூடி இல்லாத ஊறுகாய் ஜாடி, பிடி இல்லாத கப்பு, மூக்கு சரியாக வராத பொம்மை. இந்த ஊரில், கம்பெனியில் கழித்துப் போட்ட செகண்ட்ஸ் சரக்கு இல்லாத வீடு கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் வீட்டில் சாமான்களுக்குப் போக மிச்சம் இருந்த இடத்தில்தான் மனிதர்கள் இருந்தார்கள்.

அவளைக் கஞ்சம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பிடி போன கப்பில் கோலப்பொடி வைப்பாள், ஓட்டை ஜாடியில் கறிவேப்பிலைக் கன்று நடுவாள், கிழிந்த குடைத் துணியில் சைக்கிள் சீட்டுக்கு உறை தைப்பாள். என் மகனுக்கு ஸ்கூலில் ஏதாவது செய்துவரச் சொன்னால் நான் ஓடுவது அவளிடம்தான். அவள் கை அப்படி. என்ன, ஒன்று செய்வதற்குப் பத்து சேர்ப்பாள். மிச்சம் ஒன்பதும் அங்கேயே கிடக்கும்.

இதில் வேடிக்கை, அவள் பார்ப்பதே கழித்துக் கட்டுகிற வேலை. தொழிற்பேட்டையில் பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்யும் ஒரு யூனிட்டில், சூளையிலிருந்து இறங்கும் சரக்கைத் தட்டிப் பார்த்துப் பிரிப்பாள். கணீரென்று கேட்டால் நல்லது. டொக்கென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது, பின்பக்கக் குவியலுக்குப் போகும். ஒருமுறை சாப்பாடு கொண்டுபோனபோது நின்று பார்த்தேன். யோசிக்கவே இல்லை, கை பாட்டுக்கு வீசிக்கொண்டிருந்தது. அதே கைக்கு வீட்டில் ஒரு ரப்பர் பேண்டைப் போட மனசு வராது. கேட்டால், "அது மொதலாளி சரக்கு. இது எங்க வூட்டு சரக்குடி" என்பாள்.

அவளுக்கு ஒரே மகள் இளமதி. பெண்ணாடத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. 2007-இல் இளமதி முழுகாமல் இருந்தாள். வளைகாப்புக்கு நாள் குறிப்பது பற்றிப் பேச அவள் மாமியார் பெரியம்மாள் வந்தார். அந்த அம்மாள் வீட்டை நான் பார்த்திருக்கிறேன். தரையில் கால் வைக்கவே பயமாக இருக்கும், அவ்வளவு சுத்தம். பேசி முடித்துக் கை கழுவப் பின்கட்டுக்குப் போனவர் மீது, வழியில் அடுக்கி வைத்திருந்த அட்டைப்பெட்டிகள் சரிந்து விழுந்தன. அடி ஒன்றும் இல்லை. முந்தானையை உதறினார், ஒரு கரப்பான்பூச்சி விழுந்து ஓடியது.

"புள்ளத்தாச்சிய எங்க படுக்க வைப்பீங்க சம்பந்தி?" என்றார் பெரியம்மாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் இடம் பண்ணிடுவங்க" என்றாள் அக்கா.

"பச்சக் கொழந்தயும் வரும். பூச்சி பொட்டு அண்டுற எடத்துல எப்புடி வுடுறது? முடியலன்னா சொல்லிடுங்க, எங்க வூட்டுலயே பிரசவம் பாத்துக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வரவில்லை என்றால் ஊர் என்ன பேசும் என்பது ஒரு பக்கம். அக்காவின் மனசில் இருந்தது அது இல்லை. அவள் கருவேப்பிலங்குறிச்சிக்காரி. கல்யாணத்துக்கு முன்பே அம்மா போய்விட்டாள். இளமதியைப் பெற்றது இதே வீட்டில், மாமியார் கையில். சோறு போட்டார்கள், வெந்நீர் வைத்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் வலி எடுத்தபோது அம்மா என்று கத்தவே கூச்சமாக இருந்தது என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். தன் மகளாவது அம்மா வீட்டில், அம்மா பக்கத்தில் பெற வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், அதுவும் இந்த டப்பாக்களால் போய்விடும் போல இருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை விட்டு வந்ததும் ஆரம்பிப்பாள். ஆனால் எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைப்பாள். வெளியே வைத்தவை இருட்டுவதற்குள் உள்ளே போய்விடும். கோவிந்தராசு மாமா அவளுக்குத் தெரியாமல் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். தெருமுனைவரை ஓடிப் பிடுங்கி வந்தாள். பார்த்துப் பார்த்து எனக்குத் தலை வெடித்தது.

"யூனிட்டுல தட்டிப் பாக்குற மாதிரி ஒன்னொன்னா தட்டிப் பாருக்கா. எதுக்குன்னு ஒடனே சொல்ல முடிஞ்சா வையி, இல்லன்னா போடு" என்றேன்.

ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துத் தட்டினாள். "எனக்கு எல்லாமே கணீருன்னுதான்டி கேக்குது" என்றாள். சிரிக்கவில்லை, கண் கலங்கியிருந்தது. எனக்கும் கோபம் இறங்கிவிட்டது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இளமதியின் பழைய கட்டிலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அதன் மேல் இருந்ததை இறக்கினாள். கட்டில் தெரிந்தது. தலைமாட்டில் சின்ன வயதில் இளமதி ஒட்டிய பொட்டுகள் வரிசையாக அப்படியே இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு என்ன வந்ததோ, கை ஓட ஆரம்பித்துவிட்டது. அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. அட்டையும் பாட்டிலும் பழைய பேப்பர்காரரிடம் போயின. ஜாடிகளைத் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். மூக்கு சரியில்லாத பொம்மையை என் மகன் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அடுத்து துணி. ஒரு டிரங்குப் பெட்டி நிறைய, கோணிகளில் வேறு. அவள் வயதுக்கு வந்த காலத்துப் பருத்திப் புடவையிலிருந்து மாமாவின் நைந்த வேட்டி வரை இருந்தது. பழைய துணிக்குப் பாத்திரம் தருகிற சுப்புராயன் சைக்கிளில் வந்தபோது அத்தனையையும் அவர் முன் கொட்டினாள். பேத்தியோ பேரனோ குளிக்க ஒரு பெரிய எவர்சில்வர் குண்டான் வாங்கிக்கொண்டாள். அதோடு விட்டாளா? "வச்சிருந்து என்னடி பண்ணப் போறீங்க, கொண்டாந்து போடுங்க. வூடு கொஞ்சம் மூச்சு வுடட்டும்" என்று சந்து முழுக்கக் கூப்பிட்டாள். பூங்கோதையே போடுகிறாள் என்றால் நமக்கென்ன என்று எல்லாரும் போட்டார்கள். நானும் ஒரு மூட்டை போட்டு ஒரு பிளாஸ்டிக் கூடை வாங்கினேன். சுப்புராயன் சைக்கிளை மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு போனார்.

பெரியம்மாள் மறுபடி வந்தார். கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்தார். வெள்ளையடித்த சுவர், காலியான தரை, மூலையில் பளபளக்கும் குண்டான். "நல்லா இருக்குதுங்க" என்றவர், போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார்: "வளைகாப்பு முடிஞ்சதும் அனுப்பி வைக்கிறேன். ஆனா ஒரு கொறை தெரிஞ்சாலும் ஆஸ்பத்திரியிலேருந்து நேரா எங்க வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த அம்மாள் சொன்னதைச் செய்கிறவர் என்று எங்களுக்குத் தெரியும்.

வளையல் குலுங்க இளமதி வந்து சேர்ந்தாள். அக்கா இருந்த விடுப்பையெல்லாம் போட்டு மகளைப் பார்த்துக்கொண்டாள். அப்போதும் அவளால் உட்கார முடியவில்லை. நகர்த்த ஒன்றும் இல்லாததால் குண்டானைத் தேய்த்தாள், தேய்த்ததையே தேய்த்தாள். "ஒக்காரும்மா, எனக்குப் பாக்கவே மூச்சு வாங்குது" என்று இளமதி கெஞ்சுவாள்.

சொன்ன தேதிக்கு முன்பே ஒரு நாள் காலையில் வலி கண்டுவிட்டது. மாமா ஆட்டோ பிடிக்க ஓடினார். நான் இளமதிக்குத் தலை சீவி விட்டேன். அக்கா ஆஸ்பத்திரிக்குப் பை எடுத்து வைத்தாள். பிளாஸ்க், டம்ளர், சீப்பு, சோப்பு. பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பாரதி... துணி."

எங்கள் வீடுகளில் பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் வாங்கமாட்டார்கள். பலமுறை துவைத்து நைந்த பருத்தித் துணிதான் வேண்டும், அதுவும் முதல் துணி தாய்வீட்டுத் துணியாக இருக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் பழந்துணி சேர்த்தவள் வீட்டில் அன்றைக்கு ஒரு முழம் பழந்துணி இல்லை. நாங்கள் கட்டுவதெல்லாம் சிந்தெடிக். மாமா வேலைக்குப் போவது பேண்டு சட்டையில், வீட்டில் கட்டுவது பாலியெஸ்டர் கைலி. இருந்தது வளைகாப்புக்கு எடுத்த வேட்டி ஒன்று, கஞ்சி மொடமொடப்பு இன்னும் போகாதது.

சந்தில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். எல்லா வீட்டிலும் புது பக்கெட் இருந்தது, புதுத் தட்டு இருந்தது. எதிர்வீட்டு வளர்மதி பாதி பல் தேய்த்தபடி வந்து, "நீதானக்கா எல்லாத்தயும் போடச் சொன்ன?" என்றாள். பாவம், அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆட்டோ வந்துவிட்டது. அந்தப் புது வேட்டியையே பையில் திணித்துக்கொண்டு ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் இளமதியை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். "பழந்துணி எடுத்து ரெடியா வச்சுக்கங்கம்மா" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். தேடிக்கொண்டு போனேன். பின்பக்கம் குழாயடியில், துவைக்கிற கல்லில், அந்த வேட்டியை அடித்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள், கசக்குவாள், பிழிவாள், மறுபடி அடிப்பாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"என்னக்கா பண்ற?"

"கஞ்சி போவட்டும். நல்லா அடிச்சா பழசு மாதிரி ஆயிடும்டி."

"ஆனா எப்பக்கா காயும்?"

இன்னும் வேகமாக அடித்தாள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

அப்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. போன் போனதும் கிடைத்த பஸ்ஸில் ஏறிப் பெண்ணாடத்திலிருந்து வந்துவிட்டார் பெரியம்மாள். கையில் ஒரு பை. அக்காவையும் கல்லையும் ஈர வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"வூட்ட சுத்தம் பண்றன்னு எல்லாத் துணியயும் நானே போட்டுட்டங்க சம்பந்தி. கொழந்தய வாங்க எங்கிட்ட ஒரு துணி இல்லீங்க."

பெரியம்மாள் பையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே வெள்ளைத் துணிகள் இருந்தன. துவைத்துத் துவைத்து மெலிந்து, வெயிலில் காய்ந்து, சதுரமாக மடித்த துணிகள்.

"எம்புள்ள பொறந்தப்போ சுத்துனது. எங்க வூட்டுல நான் போடாம வச்சிருக்கிற பழசு இது ஒன்னுதான்" என்றார்.

அக்கா அந்தத் துணியைப் பார்த்தாள். தொடவில்லை. ஆசைப்பட்டது போய்விட்டது, மகளும் குழந்தையும் பெண்ணாடம் பஸ் ஏறப்போகிறார்கள் என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"இளமதி கூட வந்தவங்க யாரு? பொண்ணு பொறந்திருக்கு, துணி குடுங்க" என்று நர்ஸ் பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு கூப்பிட்டார்.

நாங்கள் ஓடினோம். பிரசவ அறைக் கதவருகே வந்ததும் பெரியம்மாள் அக்காவின் ஈரக்கையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, மடித்த துணியை அதில் வைத்தார். அங்கே காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி நர்ஸிடம் சத்தமாகச் சொன்னார்: "இந்தாங்க, தாய் வூட்டுத் துணி. பொண்ணோட அம்மா எடுத்தாந்தாங்க."

குழந்தை அந்தத் துணியில் வெளியே வந்தது. கருகருவென்று முடி, உதட்டைச் சுழித்து ஒரு கொட்டாவி. அக்கா இரண்டு கையையும் நீட்டினாள். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவில், கேட்கவும் முடியாமல் கேட்காமல் இருக்கவும் முடியாமல் கேட்டாள்:

"சம்பந்தி, இங்கேருந்து... எந்த வூட்டுக்குங்க?"

பெரியம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"இது என்ன கேள்வி? ஒங்க வூட்டுத் துணின்னு அவ்வளோ பேரு முன்னாடி சொல்லிட்டன். இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எங்க வூட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போவன்?"